போனில் ஓடும் படத்தை டிவியில் பார்க்க: கேபிள் வாங்கும் முன்

மொபைல் கடையில் டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் கேட்டால் உடனே எடுத்து நீட்டுவார்கள். இந்த போனுக்கு அது வேலை செய்யுமா என்று கேட்டால்தான் பதில் இழுக்கும். டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதன் வழியே படம் வெளியே வர, போனுக்குள் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருக்க வேண்டும். சாம்சங் எஸ் வரிசை, ஐபோன் 15 முதல் வந்தவை, பிக்சல் 8 முதல் வந்தவை ஆகியவற்றில் அது உண்டு. பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கிடையாது. ஆண்ட்ராய்டு போனின் விவரப் பட்டியலில் 'யுஎஸ்பி 2.0' என்று இருந்தால் கேபிளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

சார்ஜ் கேபிளை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினாலும் படம் வராது, சார்ஜ் மட்டும் ஏறும். 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினாலும் சில டிவிகளில்தான் போனில் உள்ள வீடியோ பட்டியல் தெரியும். டவுன்லோடு செய்த வீடியோதான் பார்க்க வேண்டுமென்றால் ஓடிஜி பென் டிரைவில் (போனிலும் செருகக்கூடியது) ஏற்றி டிவியில் செருகுவது சுலபம். பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. சத்தம் மட்டும் வந்து படம் வராவிட்டால், அந்த வீடியோ எச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் இருக்கலாம். பழைய டிவிகள் அதைப் படிக்காது.

கேபிள் இல்லாமல்: காஸ்ட், மிரரிங்

இரண்டும் ஒன்றல்ல. காஸ்ட் செய்யும்போது வீடியோவை டிவியே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது; போன் வெறும் ரிமோட். போன் திரை அணைந்தாலும் அழைப்பு வந்தாலும் படம் நிற்காது. மிரரிங்கில் போன் திரை அப்படியே டிவிக்குப் போகும், நடுவே வரும் மெசேஜ் உட்பட. போன் சூடாகும், பேட்டரி இறங்கும், சத்தம் சற்றுப் பிந்தும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றை மிரரிங்கில் போட்டால் திரை கறுப்பாகிவிடும். அது பழுதல்ல, பதிப்புரிமைப் பூட்டு. ஆப்பில் காஸ்ட் குறி இருந்தால் மிரரிங் பக்கமே போகாதீர்கள்.

காஸ்ட் செய்ய, போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். வீடியோவைத் திறந்து, மேலே மூலையில் வளைகோடுகளோடு இருக்கும் சதுரக் குறியைத் தொட்டு, டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயரே வரவில்லையா? யூடியூப் என்றால் வழி உண்டு. டிவியின் யூடியூப் செட்டிங்ஸில் 'லிங்க் வித் டிவி கோட்' என்ற இடத்தில் ஓர் எண் தெரியும். அதைப் போனின் யூடியூபில் அடித்தால் போதும், இரண்டும் வேறு வேறு இணைப்பில் இருந்தாலும் சேர்ந்துவிடும்.

மிராகாஸ்ட் வகை மிரரிங்குக்கு வைஃபை ரவுட்டரே தேவையில்லை; போனும் டிவியும் நேரடியாக இணையும். டிவியின் சோர்ஸ் பட்டியலில் ஸ்க்ரீன் மிரரிங் அல்லது மிராகாஸ்ட்டைத் திறந்து வையுங்கள். பிறகு போனின் மேல்திரையை இழுத்து, சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ, மற்றவற்றில் காஸ்ட் அல்லது ஸ்க்ரீன்காஸ்ட் என்பதைத் தொடுங்கள் (பெயர் காஸ்ட் என்றிருந்தாலும் இங்கே நடப்பது மிரரிங்தான்). பிக்சலில் மிராகாஸ்ட் கிடையாது. ஐபோனுக்கு ஏர்ப்ளே என்ற ஆப்பிள் வசதி உள்ள டிவி வேண்டும். ராமநாதபுரம் கரையோரத்துக் கீழக்கரை, தொண்டி வீடுகளில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளிகளோடு பேசும் வீடியோ காலைப் பெரிய திரையில் காட்ட மிரரிங்தான் சரி. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது என்பதால் அங்கிருந்து பாட்டிம் என்ற அழைப்பு ஆப்பில் வருவார்கள். அதுவும் இதே முறையில் தெரியும். பேச்சும் கேமராவும் போனில்தான், ஆகவே போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்க்கும்போது

ஹாட்ஸ்பாட் போட்ட போனின் பெயரே டிவியில் தெரியவில்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய டிவிகள் 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4-க்கு மாற்றுங்கள், ஐபோனில் 'மேக்ஸிமைஸ் காம்பேட்டிபிலிட்டி'யை இயக்குங்கள். ஒரு போனில் ஹாட்ஸ்பாட், இன்னொன்றிலிருந்து காஸ்ட் என்று பிரித்துக்கொண்டால் தகராறு குறையும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரையும், எச்டியில் 3 ஜிபி வரையும் செலவாகும். நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் எச்டி படம் இடைவேளைக்கு முன்பே நின்றுவிடும்.

தனுஷ்கோடி, ராமேஸ்வரம் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதுண்டு. அப்போது டேட்டா நிற்கும், அல்லது ரோமிங் கட்டணம் ஏறும். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

பழைய டப்பா டிவிக்கு

2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் ஓடுகிறதென்றால் அதிலும் பார்க்கலாம். இணையப் படத்தை எச்டிஎம்ஐ வழியே தரும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றும், அதைப் பழைய டிவியின் ஏவி துளைக்கு மாற்றித் தரும் எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர் ஒன்றும் வேண்டும். 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்ற இன்னொரு டப்பாவும் பார்க்க அப்படியே இருக்கும்; அது எதிர்த்திசையில் மட்டும் வேலை செய்வது, இங்கே உதவாது. கன்வெர்ட்டரில் உள்ள சுவிட்சை, நம் டிவிகளின் சிக்னல் முறையான 'பால்' (PAL) பக்கம் தள்ளுங்கள். மற்ற முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது உருளும். ஸ்டிக், கன்வெர்ட்டர் இரண்டுக்கும் 5 வோல்ட் மின்சாரம் தனித்தனியாக வேண்டும். புதிய டிவியிலும் ஸ்டிக்கை அதன் யுஎஸ்பி துளையிலேயே ஓட்டப் பார்க்காதீர்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரைதான் தரும். ஸ்டிக்குக்கு அது போதாமல் அணைந்து அணைந்து எரியும். அதோடு வந்த அடாப்டரையே மாட்டுங்கள்.

உப்புக் காற்று

நன்றாக ஓடிய இணைப்பில் படம் நொடிக்கு நொடி கறுத்தாலோ, புள்ளி தெறித்தாலோ, 'நோ சிக்னல்' என்று வந்தாலோ, இந்தக் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எச்டிஎம்ஐ முனையை. மேலே உள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்ததும் அடியிலுள்ள செம்பில் உப்பு ஏறிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷை நனைத்துத் துடையுங்கள். ஐந்தாறு முறை செருகி எடுத்து, பத்து நிமிடம் உலர விடுங்கள். தேங்காய் எண்ணெயும் உப்புத்தாளும் வேண்டாம்: ஒன்று தூசியைப் பிடித்து வைக்கும், மற்றது மிச்சப் பூச்சையும் சுரண்டிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், ஆகவே சும்மா இருக்கும் துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், சில்லறைக் காசுதான். டிவியை மாட்டும்போதே கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக மாட்டாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் மெயின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரையும், செட்-டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐயையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.