லண்டன் விமானம் எத்தனை மணிக்கு வரும்? திருகோணமலையில் இருந்தே கணக்குப் போடுவது எப்படி

லண்டனில் இருந்து வரும் சொந்தங்களைக் கூட்டி வர வான் வண்டி பிடிக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். திருகோணமலையில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஐந்து, ஆறு மணி நேர ஓட்டம். விமான நேரக் கணக்குப் பிழைத்தால் கூடப் போகிற வயதானவர்களும் பிள்ளைகளும்தான் காத்துக் கிடந்து களைத்துப் போவார்கள்.

முதலில் தூரம். கூகுள் மேப்ஸிலும் அளக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது கிரேட் சர்க்கிள் மேப்பர் தளம்தான். கட்டுநாயக்காவின் குறியீடு சிஎம்பி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் குறியீடு எல்எச்ஆர். இரண்டையும் ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும், தூரம் வரும். அது சுமார் 8,700 கிலோமீட்டர். ஊர்ப் பெயரைப் போடாதீர்கள், லண்டனில் விமான நிலையங்கள் பல. வரைபடத்தில் கோடு வடக்கே வளைந்து தெரிந்தால் குழம்ப வேண்டாம். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், குறுகிய வழி அதுதான்.

அடுத்தது பறக்கும் நேரம். தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் பத்தே முக்கால் மணி நேரம் வரும். உயரத்தில் ஜெட் காற்று மேற்கில் இருந்து கிழக்கே வீசுவதால் லண்டனுக்குப் போக இதைவிடக் கூடும், அங்கிருந்து வரக் கொஞ்சம் குறையும்.

சரி, இனிதான் பலரும் தடுமாறும் இடம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழித்தால் விடை பிழைக்கும். நமது நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தைவிட 5:30 கூட. லண்டனில் குளிர்காலத்தில் யுடிசியேதான். மார்ச் கடைசி ஞாயிறில் இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி கூட. ஆகவே வித்தியாசம் சில மாதங்கள் ஐந்தரை, சில மாதங்கள் நாலரை. அந்த அரை மணியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு உதாரணம். ஜனவரியில் லண்டனில் இரவு 20:30க்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். பத்தரை மணி நேரம் கூட்டினால் யுடிசி காலை 7:00. அதோடு 5:30 சேர்த்தால் இங்கே பகல் 12:30, அதுவும் மறுநாள். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருப்பது இதைத்தான். வானுக்குத் தேதி சொல்லும் முன் அந்த +1ஐப் பாருங்கள். குடிவரவு, பெட்டி எடுப்பது என்று ஒரு மணி நேரமாவது போகும். காலை ஏழு மணிக்கு இங்கிருந்து வெளிக்கிட்டால் போதும்.

பின்சேர்க்கை: டொரண்டோவுக்கும் இதே கணக்கா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அங்கிருந்து நேரடி விமானம் இல்லை. நேர்க்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். துபாய் வழியாக 11,100உம் 3,300உம் சேர்த்து 14,400. தூரம் அதிகம் கூடவில்லை, நேரத்தை விழுங்குவது இடையில் காத்திருப்பதுதான். அப்படியானால் கடைசி விமானத்தின் இலக்கத்தை மட்டும் அவர்களிடம் கேட்டு வாங்கி, துபாயில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்.