‘விடோ’வை மொழிபெயர்ப்பது எப்படி

ஆங்கிலத்தில் ‘விடோ’ (widow) என்று கண்டதும் ‘கைம்பெண்’ என்று எழுதிவிடாதீர்கள், பக்கத்தில் எந்தச் சொல் ஒட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்னால் ‘கோல்ஃப்’ இருந்தால் புருஷன் உயிரோடுதான் இருக்கிறான், மைதானமே கதியென்று கிடக்கிறான், அவ்வளவுதான். ‘பிளாக்’ (கறுப்பு) வந்தால் பெரும்பாலும் சிலந்தி. சில சமயம் இணையையே தின்றுவிடும் என்பதால் வந்த பெயர், கணவனைக் கொன்றவளுக்கும் அதே பட்டம். ‘விடோஸ் பீக்’ நெற்றி நடுவில் கூராக இறங்கும் முடி, ஆண்களுக்கும் உண்டு.

பக்க வடிவமைப்பு பற்றிய கட்டுரை என்றால் கதையே வேறு. ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் இல்லையா, அதுதான் விடோ. பத்தியின் முதல் வரி முந்தைய பக்கத்தின் அடியில் மாட்டிக்கொண்டால் ‘ஆர்ஃபன்’, அதாவது அநாதை. தமிழில் ‘தனித்த வரி’ என்றால் போதும், கைம்பெண்ணை அங்கே இழுக்க வேண்டாம்.

சரி, துருக்கி மொழிக்கு வருவோம். அங்கே ‘துல்’. பெண்ணோ ஆணோ, துணை இறந்தவரோ விவாகரத்தானவரோ, எல்லோரும் துல்தான். ஆகவே ஒருவரைத் துல் என்றால் உடனே துக்கம் விசாரிக்காதீர்கள், முன்பின் வரிகளைப் படியுங்கள். ‘போஷன்மிஷ்’ என்று வந்தால் விவாகரத்து. ஆனால் ‘துல் வே யெதிம்’ ஓய்வூதியம் என்றால் சந்தேகமே வேண்டாம், இறந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் வரும் பணம். ‘கராதுல்’ அதே கறுப்புச் சிலந்தி. ‘துலவ்ரதோது’வைப் பிரித்தால் ‘கைம்பெண் மூலிகை’ என்று வரும், உண்மையில் துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடி.