அப்பா தங்கிய லாட்ஜுக்கு மறுபடி போவது எப்படி?

முதலில் பழைய ரசீது ஒன்றைத் தேடி எடுங்கள். பெயர்ப் பலகை மாறியிருந்தாலும் முகவரி கைகொடுக்கும். ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் புதிய காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்ததும், ஆர்டர் பிடிக்க மதுரைக்கு வரும் அப்பா, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரே லாட்ஜில்தான் தங்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டி வருவார். அவருடைய டைரிக்குள் கிடந்த 1987ஆம் ஆண்டு ரசீதை வைத்துத்தான் கட்டிடத்தை அடையாளம் கண்டேன். இப்போது அங்கே குறைந்த கட்டண ஹோட்டல் நிறுவனம் ஒன்றின் பலகை தொங்குகிறது.

செயலியில் பணம் கட்டும் முன் அந்தக் கட்டிடத்துக்கே தொலைபேசியில் பேசுங்கள். இப்படிப்பட்ட பல இடங்களில் கட்டிடமும் ஆட்களும் பழைய முதலாளியைச் சேர்ந்தவை; பலகையும் முன்பதிவும்தான் நிறுவனத்துடையவை. அறை எண் மாறியிருந்தால் இடத்தைச் சொல்லுங்கள். இரண்டாம் மாடி, படிக்கு இடப்பக்கம், கிழக்கு பார்த்த ஜன்னல் என்றேன். அது இப்போது 204 என்றார்கள்.

பழைய லாட்ஜுகளில் எப்போது நுழைந்தாலும் 24 மணி நேரக் கணக்கு. இப்போது பெரும்பாலும் பகல் 12 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 மணிக்கு வெளியே. அதிகாலை ரயிலில் போய் இறங்காதீர்கள். சித்திரைத் திருவிழாவையும் முகூர்த்த நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ரசீதைப் பார்த்து வாங்குங்கள்.

அறைக்குள் போனதும் புதிய பெயிண்டையும் மெத்தையையும் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். குனிந்து தரையைப் பாருங்கள். 204 முழுக்க வெள்ளை டைல்ஸ். குளியலறை வாசலில் மட்டும் பழைய சிவப்பு சிமெண்ட் ஒரு சாண் அகலத்துக்கு மிச்சமிருந்தது, நடுவில் கால்பட்டுக் குழிந்து. அப்பா ஈரக்காலோடு நின்று வேட்டியை உதறிக் கட்டும் இடம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் வெகுநேரம் நின்றேன்.

சாயங்காலம் வரவேற்பறை காலியானதும், பழைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். தண்ணீர் மோட்டார் போடும் பெரியவர் என் ரசீதை விளக்கடியில் பிடித்துப் படித்தார். “காலண்டர்காரர் மகனா? அறைக்கு ஒன்று மாட்டச் சொல்லிக் கொடுப்பாரே” என்றார்.

மொட்டை மாடிச் சாவி அவரைப் போன்றவர்களிடம்தான் இருக்கும். கேட்டு வாங்கி, விடியும் முன்பே ஏறிவிடுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலின் மேலக்கோபுரம் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. ஏழு மணிக்கு மேல் எதிர்வெயில் கண்ணைக் கூசும்.