இட்டரேட்டர் மெதடுக்கு டாக் எழுதும்போது ஓரங்களை முதலில் எழுதுங்கள்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவு. ரஸ்ட் நிரல்மொழியில் மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது இட்டரேட்டர்; அதை இத்தனை இத்தனையாகத் தாண்ட வைக்கும் ஸ்டெப் பை மெதடுக்கு (செயல்கூறுக்கு) நான் முதன்முதலாக விளக்கம், அதாவது டாக், எழுதிப் பழகியபோது எடுத்த உதாரணம் அதுதான்: 1-லிருந்து 36 வரை, ஐந்து ஐந்தாகத் தாண்டு. எழுதி முடித்து, கோத்தகிரியில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் காட்டினேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். "அண்ணா, முதல்ல வர்றது 5-ஆ, 1-ஆ?" என்று கேட்டான். அரைப்பக்கம் எழுதியிருந்தேன், அதில் இதற்குப் பதில் இல்லை.

பதில் 1. ஸ்டெப் பை முதல் மதிப்பை எப்போதும் தந்துவிடும், தாண்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 1, 6, 11 என்று போய் 36-ல் முடியும், மொத்தம் எட்டு. இதையும்கூட ரேஞ்சில் (எதிலிருந்து எதுவரை என்று எழுதுவதில்) புள்ளிகளுக்குப் பின் சமக்குறி போட்டு 1..=36 என்று எழுதியிருந்தால்தான் சொல்ல முடியும், வெறும் இரண்டு புள்ளி (1..36) என்றால் 36-வது வளைவே வராது, 31-லேயே நின்றுவிடும். சரி, தாண்டும் அளவாக 0 கொடுத்தால்? பேனிக் ஆகும், அதாவது நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அதைத் தனித் தலைப்பு போட்டு எழுதுவதுதான் ரஸ்டில் வழக்கம்.

எனவே உட்கார்ந்ததும் அழகான முதல் வரியைத் தேடாதீர்கள். காலி இட்டரேட்டர், 0, முடிவே இல்லாத இட்டரேட்டர், ஓரங்கள் என்று நான் சொல்லும் இந்த மூன்றையும் மெதடுக்குக் கொடுத்துப் பார்த்து, வந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். காலியாக இருந்தால் சம் (கூட்டல்) 0 தரும், பிராடக்ட் (பெருக்கல்) 1 தரும், எல்லாம் நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆல் 'உண்மை' என்று சொல்லும் (இதைப் பார்த்துக் குழம்பாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை), மிகப் பெரியதைத் தேடும் மேக்ஸ் நன் (None, 'ஒன்றுமில்லை') தரும். மேக்ஸில் இன்னொன்றும் உண்டு: பெரிய மதிப்பு இரண்டு சமமாக இருந்தால் கடைசியாக வந்ததைத் தரும், மிகச் சிறியதைத் தேடும் மின் அப்படியில்லை, சமமானவற்றில் முதலில் வந்ததைத் தரும்.

அடுத்தது, வேலை எப்போது நடக்கிறது என்பது. மேப் (ஒவ்வொன்றையும் மாற்றுவது), ஃபில்டர் (வடிகட்டுவது) எல்லாம் சோம்பேறிகள், யாராவது மதிப்பைக் கேட்கும்வரை எதுவும் செய்யாது. மளிகைச் சீட்டு எழுதி வைத்தால் சாமான் வீட்டுக்கு வந்துவிடாது, யாராவது கடைக்குப் போக வேண்டும். இங்கே கடைக்குப் போகிறவர்கள் கலெக்ட், ஃபோல்ட், கவுண்ட், ஃபார் லூப் மாதிரியானவர்கள். மேப்புக்குள் பிரிண்ட் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று முழிப்பவர்களுக்காகவே ரஸ்ட் கம்பைலர் எச்சரிக்கை தருகிறது, ஆனாலும் டாக்கில் ஒரு வரி இருக்கட்டும்.

நிறையப் பேர் எழுதாமல் விடுவது, மெதட் எதை விழுங்கிவிடுகிறது என்பதை. பசுந்தேயிலை மூட்டைகள் எடைக்கு வரிசையில் நிற்பதாக வையுங்கள்: 18, 22, 15, 31, 20 கிலோ. மிச்சம் நம்மிடமே இருக்கும்படி பை ரெஃப் போட்டு, 30-க்குக் கீழே இருக்கும்வரை எடு என்று டேக் வைலிடம் சொன்னால் 18, 22, 15 கிடைக்கும். மிச்சத்தைக் கேட்டால் 20 மட்டும்தான் வரும். 31 எங்கே? 30-ஐத் தாண்டுகிறதா என்று தெரிய அதைத் தராசில் ஏற்றித்தானே ஆக வேண்டும், ஏற்றிய மூட்டையைத் திரும்ப வரிசையில் வைக்க இட்டரேட்டருக்கு வழி கிடையாது, ஆகவே அது போனது போனதுதான். இந்த இடத்தில் வாசிப்பவரை அம்போவென்று விட்டுவிடக் கூடாது, பீக்கபிள் (அடுத்ததை எடுக்காமலே எட்டிப் பார்க்கக்கூடியது) ஆக்கி, பொருந்தினால் மட்டும் எடுக்கும் நெக்ஸ்ட் இஃப் பயன்படுத்தினால் 31 தப்பிக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு இட்டரேட்டர்களை ஜோடி சேர்க்கும் ஜிப்பிலும் இதே தொல்லை. முதல் பக்கம் ஒன்றைக் கொடுத்த பிறகு இரண்டாவது பக்கம் தீர்ந்துவிட்டால், முதல் பக்கத்தில் ஒன்று காணாமல் போகும். பைத்தானிலும் அப்படித்தான், 3.10-லிருந்து ஸ்ட்ரிக்ட் என்று கேட்டால் நீளம் பொருந்தாதபோது பிழையாவது காட்டும்.

உதாரணம் சின்னதாக இருக்கட்டும், ஆனால் சாதாரணமான ஒன்று, ஓரத்தில் நிற்கிற ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். நல்லவேளையாக ரஸ்டில் மூன்று சாய்கோட்டுக்குப் பின் எழுதும் உதாரணத்தை கார்கோ டெஸ்ட் என்ற கட்டளை ஓட்டியே பார்த்துவிடும், அதனால் விடையை அசர்ட் (இதுதான் வர வேண்டும் என்று சரிபார்ப்பது) போட்டு எழுதுங்கள், வெறும் பிரிண்ட் எதையும் சரிபார்க்காது. முடிவே இல்லாத இட்டரேட்டரில் கவுண்ட் (எண்ணிக்கை) கேட்கும் உதாரணத்துக்கு நோ ரன் என்று குறியிட்டால் கம்பைல் மட்டும் ஆகும், ஓடாது. நான் ஒருமுறை அதை மறந்துவிட்டு ஓட்டினேன். வெளியே மழை, மடிக்கணினி விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, டெஸ்ட் எழுதியிருக்கிறேனா ஹீட்டர் வாங்கியிருக்கிறேனா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஸ்டெப் பைக்கு 0 கொடுக்கும் உதாரணத்துக்கு ஷுட் பேனிக் குறி போடுங்கள். பேனிக் ஆனால்தான் அந்த டெஸ்ட் பாஸ்.