சோனார் டிரான்ஸ்டியூசரைப் படகில் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் படகுகளை மேலே ஏற்றிப் பலகை மாற்றுவதும் வண்ணம் பூசுவதும் பெரும்பாலும் அந்நாட்களில்தான் நடக்கின்றன என்பதால், ஒலியைக் கொண்டு ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார் கருவியைப் புதிதாக வாங்கியவர்களும், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் அதன் உறுப்பான டிரான்ஸ்டியூசரை அப்போதே பொருத்திவிடுகிறார்கள். அந்த உரிமையாளர்களையும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குச் சென்றுவரும் எலெக்ட்ரீசியன்களையும் மனத்தில் வைத்து எழுதப்படும் குறிப்பு இது. படகு வேகமெடுத்ததும் திரையில் கடலடிக் கோடு அறுந்துபோனால் கருவியைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பாலும் குற்றம் கருவியில் இராது, டிரான்ஸ்டியூசர் இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

டிரான்ஸ்டியூசர் அனுப்பும் ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் சென்று, தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்புகிறது. 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஒரு நொடியில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் இந்த ஒலி ஏறக்குறைய முழுவதும் திருப்பியடிக்கப்படுவதால், டிரான்ஸ்டியூசரின் முகத்தைக் கடந்து குமிழிகள் ஓடினால் கருவிக்குக் கண் கட்டியதாகிவிடும். ஆகவே இடம் தேர்வதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படகு ஓடும்போது அடிப்பகுதியில் எங்கே குமிழி இல்லாத நீர் ஓடுகிறது என்பதுதான். கரையில் ஏற்றி வைத்த படகைப் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. தடைக்காலம் தொடங்குமுன், படகு தண்ணீரில் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்து, நுரை எங்கிருந்து கிளம்பி எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, உள்ளே கை எட்டுகிற இடமாகப் பார்த்துத் துளையிடுவதே எல்லாத் தவறுகளிலும் பெரியது.

மெதுவாக ஓடும் விசைப்படகுகளில், அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) நீர்க்கோட்டு நீளத்தின், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளத்தின், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான பகுதி பொதுவாகப் பொருத்தமானது. அதற்கும் முன்னால் வைத்தால் அலையில் அணியம் தூக்கும்போது முகம் நீரைவிட்டு வெளியே வந்துவிடும். பின்னால் வைத்தால் எஞ்சினின் இரைச்சலும், படகைத் தள்ளும் காற்றாடியின் (புரொபெல்லரின்) கலக்கமும் குறுக்கிடும். ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டையின்) நிழல் விழும் இடத்தையும், நீர் உறிஞ்சும் துவாரம், ஆணித்தலை, பலகை விளிம்பு ஆகியவற்றுக்கு நேர் பின்னாலுள்ள இடத்தையும் விலக்க வேண்டும். அவுட்போர்டு எஞ்சின் (பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) பூட்டிய ஃபைபர் படகுகளில் பின்பலகையில் பொருத்துவோர், வலப்பக்கமாகச் சுழலும் காற்றாடியானால் படகின் வலப்பக்கத்தைத் தேர்வது நல்லது. அங்கே இறக்கைகள் கீழ்நோக்கி இறங்குவதால் கலக்கம் குறைவு. மணலில் இழுத்து ஏற்றும் படகானால், தட்டினால் மேலே மடங்கிக்கொள்ளும் தாங்கி இல்லாமல் பொருத்தவே கூடாது.

துளையிட மனமில்லாதவர்கள் டிரான்ஸ்டியூசரைப் படகின் உட்புறத்திலேயே எபாக்சி என்னும் இறுகும் பசை கொண்டு ஒட்டிவிடுகிறார்கள். திடமான ஃபைபர் அடிப்பகுதியில் இது வேலை செய்யும், உணர்திறன் சற்றுக் குறையும். மரத்திலும் உலோகத்திலும், இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே நுரையோ பலகையோ வைத்துக் கட்டிய அடிப்பகுதியிலும் இது பலிக்காது. ஒட்டுமுன் ஒரு பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பி, அதை உட்புறத்தில் வைத்து, அதன்மேல் டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பார்த்தால் அந்த இடம் தேறுமா என்பது தெரிந்துவிடும். எபாக்சியில் ஒரு குமிழிகூடச் சிக்கக் கூடாது. இப்படி ஒட்டியதில் காட்டும் வெப்பநிலை கடலுடையது அன்று, படகின் அடிப்பகுதியுடையது என்பதும் நினைவிருக்கட்டும்.

துளையிட்டுப் பொருத்துகையில் டிரான்ஸ்டியூசரின் வெளிக்கூடான உறை எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் செட்டிநாட்டு வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதைப் போல, நீரில் ஊறிய படகுப் பலகையும் ஊதி நெருக்கும். அந்த நெருக்கலில் பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டுவிடும் என்பதால் மரப்படகுக்கு வெண்கல உறையே தக்கது. அதே வெண்கலத்தை இரும்புப் படகில் நேராகப் பூட்டினால், உப்புநீரில் இரண்டு உலோகங்களும் மின்கலமாகி, துளையைச் சுற்றியுள்ள இரும்பு அரிக்கத் தொடங்கும். அங்கே பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகு உறை வேண்டும். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராயும் துறைகளில் உலோக அரிப்பும் ஒன்று. அப்படியொரு நிறுவனம் உள்ள வட்டாரத்திலேயே, கிடைத்த உறையை மாட்டுகிற வழக்கம் தொடர்வது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நடுவே நுரையோ பலகையோ உள்ள ஃபைபர் அடிப்பகுதியைத் துளைத்தால், துளையைச் சுற்றி அந்த நடு அடுக்கை நீக்கி எபாக்சியால் நிரப்பாமல் விடக் கூடாது. விட்டால் நீர் அதன் வழியே பரவி உள்ளேயே அழுகவைக்கும். அடிப்பகுதி சரிந்திருந்தால், முகம் நேராகக் கீழ்நோக்கும்படி சரிவுக்கேற்ற கட்டை வைக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே குளியலறை சிலிக்கான் உதவாது, படகுகளுக்கென்றே வரும் அடைப்புப் பசை தேவை. கேபிளைப் பிடித்துத் தூக்குவதும், நீளம் மிஞ்சுகிறதென்று வெட்டுவதும், எஞ்சின் வயர்களோடும் விஎச்எஃப் ரேடியோவின் ஆன்டெனா வயரோடும் சேர்த்துக் கட்டுவதும் கூடாதவை.

கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) பிடிக்காமலிருக்க அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணத்தை வேலையாட்கள் அதே தூரிகையால் டிரான்ஸ்டியூசர் முகத்திலும் இழுத்துவிடுவது தடைக்காலத்துக்கே உரிய தவறு. கீட்டோன் கலந்த வண்ணம் பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கெடுக்கும். நீர் கலந்த வகையை மட்டும் மெல்லியதாகப் பூசலாம்.

அலைவரிசையைப் பொறுத்தவரை, பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ளது. அங்கே 200 கிலோஹெர்ட்ஸே போதும். 10 மீட்டர் ஆழத்தில் 12 பாகைக் கற்றை ஏறத்தாழ 2 மீட்டர் அகலத் தரையைக் காட்டும். ஆழத்துக்கென்று 50 கிலோஹெர்ட்ஸுக்கு அதிகம் செலவிடுவது இந்தக் கடலுக்கு வீண்.

படகை இறக்கியதும் அப்படியே கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. முதல் சில மணி நேரத்துக்குள் ஒருமுறையும், பிறகு 24 மணி நேரம் வரை அவ்வப்போதும், உள்ளே கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். மரப்படகில் பலகை ஊதி முடிந்த பிறகே நட்டை முழுவதுமாக இறுக்க வேண்டும். கருவி காட்டுவது டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து தரை வரையிலான ஆழத்தை மட்டுமே. ஏரா அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளந்து அமைப்பில் பதிந்துவிட்டுத்தான் கரையோரத்து ஆழமற்ற நீரில் அந்த எண்ணை நம்ப வேண்டும்.