‘வேக்சின்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் பசு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசியைக் குறிக்கும் ‘வேக்சின்’ என்ற ஆங்கிலச் சொல், பசுவைக் குறிக்கும் ‘வாக்கா’ என்ற லத்தீன் சொல்லை வேராகக் கொண்டது. இவ்வளவும் சரி. இதை விரித்துச் சொல்லப் புகும்போதுதான் பிழைகள் நுழைந்துவிடுகின்றன.

தடுப்பூசி போடுதலைக் குறிக்கும் ‘வேக்சினேஷன்’ என்ற சொல்லை, மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை நிறுவிய ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னரே உருவாக்கினார் என்று எழுதுவது அவற்றில் ஒன்று. 1798-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் அவர் மாட்டம்மையை ‘வேரியோலே வேக்சினே’, அதாவது பசுக்களின் பெரியம்மை, என்று லத்தீனில் குறித்திருந்தார்; அந்த அடியிலிருந்து 1800-இல் ‘வேக்சினேஷன்’ என்ற சொல்லை ஆக்கியவர் அவருடைய நண்பரும் பிளைமவுத் நகர மருத்துவருமான ரிச்சர்ட் டன்னிங்.

அதற்கு முந்தைய அம்மை குத்தும் முறையையும் ‘வேக்சினேஷன்’ என்றே அழைப்பது இதைவிடப் பெரிய தவறு. பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழை நலமாக இருப்பவரின் தோலைக் கீறி ஏற்றும் பழக்கம் இந்தியாவிலும் துருக்கியிலும் முன்பே இருந்தது. 1721-இல் அது இங்கிலாந்துக்கும் சென்றது. ஆனால் அதில் உடலுக்குள் சென்றது பெரியம்மையேதான். குத்திக்கொண்டவர்களில் சிலர் இறந்ததும், அவர்களிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றியதும் உண்டு. ஜென்னர் 1796 மே 14 அன்று, பால் கறக்கும் பெண்ணான சாரா நெல்ம்ஸின் கையில் மாட்டம்மையால் உண்டான கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனின் கையில் இரண்டு சிறு கீறல்கள் இட்டு ஏற்றினார். சூலையில் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழையே ஏற்றியும் (இன்றைய மருத்துவ நெறி இதற்கு ஒருபோதும் இடம் தராது) அவனுக்கு நோய் வரவில்லை.

பெயரில் பசு இருப்பதால் எல்லாத் தடுப்பூசிகளும் பசுவிலிருந்து எடுக்கப்படுபவை என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. கோழிக் காலரா, ஆந்த்ராக்ஸ் ஆகியவற்றுக்குத் தடுப்பு மருந்து கண்ட லூயி பாஸ்டர், 1881-இல் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில், ஜென்னரைச் சிறப்பிக்கும் வகையில் இச்சொல்லை எல்லா நோய்த்தடுப்புக்கும் விரிக்கலாம் என்றார். அன்றே பசுவுக்கும் சொல்லின் பொருளுக்கும் இருந்த கட்டு அறுந்துவிட்டது.

பிற்காலப் பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்தது மாட்டம்மைக் கிருமி என்பதும் சரியன்று. அதில் இருந்தது ‘வேக்சீனியா’ என்ற வேறொரு வைரஸ். அமெரிக்காவில் 1902-இல் தயாரான ஒரு தடுப்பூசியின் மரபணு வரிசையைப் படித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், அது குதிரையம்மை வைரஸுக்கே மிக நெருக்கமானது என்று கண்டனர். மாட்டம்மை குதிரையின் குதிகால் நோயிலிருந்தே பசுக்களுக்குத் தொற்றுகிறது என்று ஜென்னரும் நம்பியிருந்தார்.