லப்டொப் கொதிக்கிறதா, திரையில் கோடு விழுகிறதா? வீட்டிலேயே பார்த்துத் திருத்தும் முறை

கச்சான் காற்று தொடங்கினால் திருகோணமலையில் லப்டொப்புகள் ஒவ்வொன்றாகப் படுக்கத் தொடங்கும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று அது. காய்ந்து சூடேறி, புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். ஜூன், ஜூலை பகல்களில் 35 பாகை சாதாரணம். லப்டொப்பின் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. ஏசி அறையில் 80 பாகையில் ஓடும் கணினி இங்கே 90ஐத் தொடுவது அதனால்தான்.

சூடு ஏறுவது புழுதியாலும், சிப்பின் சூட்டை வெளியே கடத்தப் பூசியிருக்கும் பேஸ்ட் காய்ந்துபோனதாலும் என்றால், பொறுமை உள்ள யாரும் வீட்டில் திருத்தலாம். திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்பே பழுதாகியிருந்தால் கதை வேறு. அதை வீட்டில் திருத்த முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் காசைக் கொட்டுபவர்கள் நிறையப் பேர். ஆகவே ஸ்குறூ ட்றைவரை எடுக்க முன் அரை மணித்தியாலம் சோதனைக்கு ஒதுக்குங்கள். அதற்கும் முன், படங்களையும் முக்கியமான கோப்புகளையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

எது பழுது என்று பாருங்கள்

எச்டபிள்யூமொனிட்டர் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் போடுங்கள். உள்ளே ஒவ்வொரு சிப்பும் எத்தனை பாகையில் இருக்கிறது என்று காட்டும். எதுவும் செய்யாமல் வைத்திருக்கும்போது 45 முதல் 60 வரை இருந்தால், எங்கள் ஊர் வெக்கைக்கு அது சரி. சும்மா இருக்கும்போதே 75, 80 என்றால் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது. இன்டெல் புரொசசர்கள் பெரும்பாலும் 100 பாகையை எல்லையாக வைத்திருக்கும். அதை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி சட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி வேலை செய்யும். அப்படி நடந்தால் பெரும்பாலும் சூட்டுப் பிரச்சினைதான்.

திரையில் கோடு, கட்டம், நிறப்புள்ளி விழுகிறது என்றால், அது எப்போது தொடங்குகிறது என்று கவனியுங்கள். ஓன் செய்தவுடன் கம்பனி இலச்சினை வரும்போதே, அல்லது விண்டோஸ் ஏற முன் திறக்கும் பயோஸ் என்ற அமைப்புத் திரையிலேயே தெரிந்தால் வன்பொருள் பழுது. கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் விண்டோஸ் மென்பொருளான ட்றைவர் அந்த நேரத்தில் ஏறியே இருக்காது. விண்டோஸுக்குள் போன பிறகு மட்டும் வந்தால் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் திறந்து பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் ட்றைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அடுத்து, வீட்டு டீவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகுங்கள். டீவியில் படம் சுத்தம், லப்டொப் திரையில் மட்டும் கோடு என்றால் பெரும்பாலும் திரையோ, பிணைச்சல் வழியாகப் போகும் கேபிளோதான் பழுது. மூடியை மெதுவாக முன்பின் அசைக்கும்போது கோடு வந்து வந்து போனால் கேபிள் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கோடு என்றால் உடனே சிப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். புரொசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், கணினியின் தற்காலிக நினைவகமான ராமைத்தான் கடன் வாங்கிப் பாவிக்கிறது. ராம் பழுதும் இதே கோலத்தைக் காட்டும். இரண்டு ராம் இருந்தால், கீழே சொல்லும் முறையில் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அதன் தங்க நிறப் பற்களை அழிறப்பரால் தேய்ப்பது எல்லோரும் செய்கிற வேலை. எனக்கு அது பிடிக்காது, பூச்சு தேய்ந்துபோகும். ஐசோபுரோப்பில் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

என்விடியா அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் சிப் தனியாக உள்ள லப்டொப் என்றால் விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் அதை மட்டும் டிசேபிள் செய்துவிட்டு ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். புரொசசருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் மட்டும் ஓடும்போது தொல்லை இல்லை என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

திறந்து துப்புரவாக்குதல்

உங்கள் மொடலின் இலக்கத்தைப் போட்டு யூடியூப்பில் கழற்றும் வீடியோவைத் தேடி, முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சில கேமிங் லப்டொப்புகளில் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அதில் கரண்ட் பாயும். சிப்புகள் பொருத்தியிருக்கும் போர்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் கதை முடிந்தது. அந்த வகை என்றால் பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள்.

தேவையான சாமான்: சிறிய ஸ்குறூ ட்றைவர்கள், மென்மையான பிரஷ், 99 சதவீத ஐசோபுரோப்பில் அல்ககோல், பஞ்சு வராத துணி, நல்ல தேர்மல் பேஸ்ட்.

கழற்றுவதற்கு முன் கணினியை ஐந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சூட்டில் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். பிறகு முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கீழ் மூடியைத் திறந்து, முதல் வேலையாக பற்றரியின் பிளக்கை எடுங்கள். பவர் பொத்தானை 15 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பற்றரி ஊதியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. வேலையை நிறுத்திவிட்டுப் பற்றரியை மாற்ற வழி பாருங்கள்.

ஸ்குறூக்களை ஒரு டப்பாவில் மொத்தமாகப் போடாதீர்கள். தாளில் லப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டுங்கள். நீள ஸ்குறூவைக் குட்டை ஓட்டையில் பூட்டினால் அது மேல் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இனி ஃபேனைக் கழற்றுங்கள். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில், தகடுகளின் உட்பக்க வாயில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படை ஒட்டிக்கிடக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும். தகடுகளின் இடைவெளி முழுவதையும் அதுதான் மூடியிருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்து வீடுகளில் இருந்து வரும் கணினிகளில் இது ஈரப்பசையோடு இறுகிப்போயிருக்கும். வெளியில் இருந்து ஊதினால் இந்தப் படை அசையாது. அதனால்தான் மூடியைத் திறந்தே ஆக வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பெயரிங் போகும். வக்கியூம் கிளீனர் வேண்டாம், அதில் நிலைமின் உண்டாகும்.

கையோடு யூஎஸ்பி, எச்டிஎம்ஐ வாய்களையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால் உப்புக்காற்றின் வேலை. பழைய பல் பிரஷில் அல்ககோல் தொட்டு மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பேஸ்ட் மாற்ற, சிப்பின் சூட்டை ஃபேன் பக்கம் கொண்டுபோகும் செப்புக் குழாய்த் தொகுதியை எடுக்க வேண்டும். அதன் ஸ்குறூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று இலக்கம் இருக்கும். கழற்றும்போது பெரிய இலக்கத்தில் இருந்து, பூட்டும்போது 1இல் இருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் அந்த அழுத்தத்தில் சிப்பின் ஓரம் உடையக்கூடும். தொகுதி ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பாமல் இடவலமாக மெல்ல அசையுங்கள். காய்ந்த பேஸ்டைத் துடைத்துக் கண்ணாடி போன்ற சிப்பின் முகம் பளிச்சென்று தெரிந்ததும், புதியதை முழு முகத்திலும் மெல்லிய படையாகப் பரப்புங்கள். பக்கத்தில் உள்ள மெமரிச் சிப்புகளில் மெத்தென்ற பட்டைகள் ஒட்டியிருக்கும். அவை கிழியாவிட்டால் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிப்பில்தான் வாங்கவேண்டும். அங்கே பேஸ்ட் பூசினால் இடைவெளி நிரம்பாது. தடிப்பான பட்டை வைத்தால் தொகுதி சிப்பில் பதியாது.

பூட்டி முடித்து மறுபடி வெப்பநிலையைப் பாருங்கள். அடைப்புத்தான் காரணம் என்றால் இறக்கம் உடனே தெரியும். இன்னும் குறைக்க விரும்பினால் விண்டோஸ் பவர் ஒப்ஷனில் புரொசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்குங்கள். டர்போ வேகம் நின்றுவிடும், எழுத்து வேலைக்கும் படம் பார்க்கவும் வித்தியாசம் தெரியாது.

சிப்தான் பழுது என்றால்

போர்டைச் சமையல் அவனில் (oven) வைத்துச் சூடாக்கினால் சரிவரும் என்று இணையம் முழுக்க வீடியோக்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சிப்பைப் பழுதாக்கும் வெடிப்பு பெரும்பாலும் வெளியே தெரியும் ஈயக்குமிழ்களில் இல்லை, சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இணைப்புகளில். சூட்டில் அவை விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், சில கிழமையில் மறுபடி விடும். சமைக்கும் அவனில் பிளாஸ்டிக்கும் இரசாயனப் புகையும் படிவதுதான் மிச்சம்.

இது பெரிய கம்பனிகளுக்கே வந்த தலையிடி. சில மடிக்கணினி சிப்புகளில் பாவித்த பொருள் பலவீனமானது என்று சொல்லி, 2008 ஜூலையில் என்விடியா 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. 2011 முதல் 2013 வரை விற்ற மக்புக் புரோ சிலவற்றின் கிராபிக்ஸ் பழுதுக்கு அப்பிள் 2015இல் இலவசத் திருத்தம் அறிவித்தது.

தனிச் சிப்பை டிசேபிள் செய்து இன்டெல்லில் ஓடுகிறது என்றால் அப்படியே பாவியுங்கள். பெரிய கேம்கள் விளையாட முடியாது, மற்றவை பெரும்பாலும் நடக்கும். திருத்தியே ஆகவேண்டும் என்றால் இங்கேயோ கொழும்பு யூனிட்டி பிளாசாப் பக்கமோ கடையில் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: புதிய சிப் போடுவீர்களா, பழையதையே சூடாக்கி ஒட்டுவீர்களா? பழையது என்றால் காசு கொடுக்காதீர்கள். புதியது என்றால், அந்த விலையில் பாவித்த லப்டொப் ஒன்று கிடைக்குமா என்றும் பாருங்கள். எப்படியானாலும், கழற்றக்கூடியதாக இருந்தால், கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டே கணினியைக் கடையில் கொடுங்கள். சிறிய யூஎஸ்பி கேஸ் ஒன்றில் அதைப் போட்டு வேறு கணினியில் செருகினால் உள்ளே இருப்பதை எடுக்கலாம். பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்தால் மட்டும், மைக்ரோசொப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும். அதை இப்போதே எழுதி வையுங்கள்.